கனடாவில் இருப்பவரை ஏரியில் இருப்பதாக எழுதிய அறிக்கை குறித்து

அனுப்புநர்:
ச. செவ்வந்தி (வயது 35),
க/பெ. சகாதேவன்,
41, ஏரிக்கரைத் தெரு,
வடக்குத்திட்டுக்குப்பம், பழவேற்காடு வழி,
பொன்னேரி வட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அவர்கள்,
மாவட்டக் காவல் அலுவலகம்,
திருவள்ளூர்.

பொருள்: ஆறு ஆண்டுகளாகக் கனடா நாட்டில் இருக்கும் என் கணவர் ஊரிலேயே வசிப்பதாகத் தரப்பட்ட காவல் சரிபார்ப்பு அறிக்கையைத் திருத்தக் கோருவதும், என் கொழுந்தனார் பூவரசன் மீது நான் கொடுத்த மனுவைத் திரும்பப் பெறுவதும் தொடர்பாக.

பார்வை: 08.09.2025 அன்று தங்கள் அலுவலகத்தில் நான் நேரில் அளித்த மனு (ரசீதில் எண் போடப்படவில்லை).

மதிப்பிற்குரிய ஐயா,

1. இந்த மனுவைத் தாங்களே ஒருமுறை முழுதாகப் படித்துவிட்டு, பிறகு யாரிடம் வேண்டுமானாலும் கொடுக்கும்படி முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன். ஒரு காவல் நிலையத்தைப் பற்றி மேலிடத்தில் மனு கொடுத்தால், அந்த மனு விசாரணைக்காக அதே காவல் நிலையத்துக்கே வந்து சேரும் என்பதை இந்த இரண்டு வாரத்தில் கற்றுக்கொண்டேன். சென்ற முறை பொன்னேரியில் மனு எழுதிக் கொடுப்பவர் ஒருவரிடம் எழுதி வாங்கினேன். நான் பஸ் ஏறி ஊர் வந்து சேருவதற்குள் அதில் இருந்தது ஊருக்குத் தெரிந்திருந்தது. அவர் சொன்னாரா, பக்கத்தில் டீ குடித்தபடி நின்றவர் சொன்னாரா, எனக்குத் தெரியாது. ஆகவே இம்முறை நானே எழுதியிருக்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவள். பிழை இருந்தால் பொறுத்தருளவும்.

2. என் கணவர் சகாதேவன் 2019ஆம் ஆண்டு வேலை அனுமதி பெற்றுக் கனடா சென்றார். அங்கே கடலோர ஊர் ஒன்றில் நண்டு பதப்படுத்தும் ஆலையில் வேலை செய்கிறார். ஆறு ஆண்டுகளில் அவர் ஊருக்கு வந்தது ஒரே முறை, என் மாமனாரின் கருமாதிக்கு, பதினெட்டு நாள். இப்போது அங்கேயே நிரந்தரமாக வசிக்கும் உரிமைக்கு விண்ணப்பித்திருக்கிறார். அது கிடைத்தால்தான் நானும் ஏழாம் வகுப்பு படிக்கும் எங்கள் மகளும் அவரிடம் போக முடியும். மகளுக்கு அப்பா என்றால் கைப்பேசியில் தெரியும் முகம்தான். இந்த உரிமைக்கு நம் நாட்டுக் காவல் துறையின் நன்னடத்தைச் சான்று வேண்டும் என்றார்கள். அங்குள்ள இந்தியத் தூதரக அலுவலகம் வழியாக அவர் விண்ணப்பித்தார். சரிபார்ப்புக்காக அது எங்கள் பகுதிக் காவல் நிலையத்துக்கு வந்தது. 07.08.2025 தேதியிட்டு அங்கிருந்து போன அறிக்கையில், "விண்ணப்பதாரர் மேற்படி முகவரியில் குடும்பத்துடன் வசித்து வருகிறார். ஏரியில் மீன்பிடித் தொழில் செய்கிறார். விசாரணை நாளன்று தொழிலுக்குச் சென்றிருந்தார். அண்டை வீட்டார் இருவரும் இதனை உறுதி செய்தனர்" என்று உள்ளது.

இதைப் பார்த்த தூதரக அலுவலகத்தார், அப்படியானால் கனடாவில் சகாதேவன் என்ற பெயரில் இருப்பவர் யார் என்று கேட்கிறார்கள். சான்று நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது. 15.10.2025க்குள் சான்றைக் கொடுக்காவிட்டால் விண்ணப்பம் தள்ளுபடி. இன்று முதல் இருபத்து மூன்று நாட்கள்தான் உள்ளன.

3. அறிக்கையின் நகலைக் கணவர் கைப்பேசியில் அனுப்பியபோது நான் முதலில் சந்தேகப்பட்டது அவரைத்தான். இதை மறைக்க விரும்பவில்லை. போலீஸ்காரர் நேரில் வந்து பார்த்து எழுதியிருக்கிறார், நெருப்பில்லாமல் புகையுமா என்று நினைத்தேன். எனக்குத் தெரியாமல் நாடு திரும்பி வேறு எங்காவது குடித்தனம் நடத்துகிறாரோ என்று மூன்று நாள் சோறு இறங்கவில்லை. வீடியோவில் வரச்சொல்லி ஆலையைக் காட்டு என்றேன், காட்டினார். பெயர்ப் பலகையைக் காட்டு என்றேன், காட்டினார். கூட வேலை செய்பவரைப் பேசச்சொன்னேன். அந்த ஆள் ஏதோ பேசினார், ஒன்றும் புரியவில்லை. கடைசியில் கணவருக்கே கோபம் வந்து, "நீ போலீஸ்ல சேந்துருக்கணும் செவ்வந்தி" என்று வைத்துவிட்டார். அதன் பிறகுதான் அவரை விட்டுவிட்டு வேறு ஆளைத் தேடினேன்.

4. அடுத்து நான் சந்தேகப்பட்டது அவருடைய தம்பி பூவரசனை (வயது 27). அதற்குக் காரணம் விளங்க வேண்டுமானால் எங்கள் ஏரியின் வழக்கத்தைத் தாங்கள் அறிய வேண்டும். ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தை ஒட்டி இறால் நன்றாகப் படும் இடங்களைப் பாடு என்போம். நினைத்தவர் நினைத்த நாளில் அங்கே வலை கட்ட முடியாது. எங்கள் குப்பமும் அக்கரையில் உள்ள இரண்டு குப்பங்களும் சீட்டுப் போட்டு முறை பிரித்துக்கொள்கின்றன. கல்யாணமான ஆண் ஒவ்வொருவரும் ஒரு தலைக்கட்டு. தலைக்கட்டுக்குத்தான் பாடு. ஊரில் குடியிருக்காதவருக்குப் பாடு கிடையாது.

என் கணவர் போன பிறகும் அவர் பெயர் பாடு நோட்டில் இருக்கிறது. கல்யாணமாகாத பூவரசனுக்குத் தனிப் பாடு இல்லாததால், அண்ணன் முறை வரும் நாளில் அவர்தான் வலை கட்டப் போகிறார். அதில் வருவதில்தான் என் மாமியார் ஜெயம்மாவின் மருந்தும் எங்கள் உலையும். அண்ணன் அந்த நாட்டு ஆளாகிவிட்டால் பெயர் போகும், பெயர் போனால் தம்பி கரையில் உட்கார வேண்டும். ஆகவே அவர்தான் போலீஸ்காரரைப் பிடித்து இப்படி எழுத வைத்திருப்பார் என்று முடிவு கட்டினேன். அந்த வாரம் அவர் என்னிடம் அண்ணனின் ஆதார் நகலை வாங்கிப் போயிருந்தார். மீன்வளத் துறை நிவாரணத்துக்கு என்றார், நான் நம்பவில்லை. அதையும் சேர்த்து, ஆள்மாறாட்டம் என்ற வார்த்தையைப் போட்டு, பார்வையில் கண்ட மனுவைக் கொடுத்தேன். அந்த வார்த்தை மனு எழுதுபவர் சொல்லிக் கொடுத்தது. இருந்தாலும் கையெழுத்து என்னுடையது.

5. 15.09.2025 காலை பூவரசனையும் என்னையும் காவல் நிலையத்துக்கு அழைத்தார்கள். அன்று எங்கள் பாட்டு முறை, வலை கட்டும் நாள். வலையைத் தோணியில் ஏற்றி வைத்துவிட்டு வந்தவரைச் சாயங்காலம் வரை பெஞ்சில் உட்கார வைத்தார்கள், முறை தவறியது. மதியத்துக்கு மேல், அறிக்கை எழுதிய காவலர் திரு. ஞானதாஸ் வெளியே போயிருந்தவர் உள்ளே வந்தார். சீருடையில் இருந்தார். எங்கேயோ பார்த்த முகமாக இருக்கிறதே என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவர் என்னைப் பார்த்து, "இன்னாம்மா, பழைய சோறு குடிச்சிட்டு இப்பதான் போனாருன்னு நீங்கதானே சொன்னீங்க? வெளிநாட்டு அட்ரஸ் போட்டுருக்குதேன்னு நான் ரெண்டு தபா கேட்டேனே" என்றார்.

ஐயா, அவர் சொன்னது உண்மை.

6. 07.08.2025 அன்று அவர் என் வீட்டுக்கு வந்தார். பேண்ட் சட்டை போட்டிருந்தார். வண்டியில் காவல் என்று எழுதியிருக்கவில்லை. கையில் சுருட்டிய தாள்கள். சகாதேவன் வீடு இதுதானா, ஆள் இங்கேதான் இருக்கிறாரா என்று கேட்டார். அதற்கு மூன்றாம் நாள் பாடு சீட்டு. சீட்டுக்கு முந்தைய வாரத்தில் அக்கரைக் குப்பத்தார் இப்படித்தான் தெரியாத ஆளை அனுப்பி, நோட்டில் உள்ள எந்தத் தலைக்கட்டு ஊரில் இல்லை என்று துப்புப் பார்ப்பார்கள். நாங்களும் அங்கே ஆள் அனுப்புவதுண்டு. அந்த வாரத்தில் முன்பின் தெரியாத யார் வந்து யாரைக் கேட்டாலும், "பாட்டுக்குப் போயிருக்காரு" என்பதுதான் எங்கள் குப்பத்தில் பதில். சின்னப் பிள்ளைகூட அப்படித்தான் சொல்லும். எங்களுக்கு அது பொய் என்றே தோன்றுவதில்லை, ஏனென்றால் யார் வலை கட்டினாலும் நோட்டில் அன்று போனவர் சகாதேவன்தான்.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். பாட்டுக்குப் போயிருக்கிறார் என்பதோடு நிறுத்தியிருக்கலாம். வெளிநாட்டு அட்ரஸ் என்று இழுத்து ஆள் முழித்த முழியைப் பார்த்து, நம்பவில்லையோ என்று சந்தேகம் வந்ததால், பழைய சோறு குடித்தார் என்றும், கொடியில் காய்ந்த பூவரசனின் சட்டையைக் காட்டி அது அவருடையது என்றும் சேர்த்துச் சொன்னேன். பக்கத்து வீட்டார் இருவரும் என் முகத்தைப் பார்த்து அதையே சொன்னார்கள். அவர்கள் மேல் குற்றமில்லை. தான் யார் என்று காவலர் சொல்லவில்லை, அடையாள அட்டை காட்டவில்லை, எழுதியதைப் படித்துக் காட்டி என்னிடம் கையெழுத்து வாங்கவுமில்லை. அது அவர் தவறு. மற்றதெல்லாம் என் தவறு. தவளை தன் வாயால் கெடும் என்று என் மாமியார் இன்று வரை சொல்லிக்கொண்டிருக்கிறார். கெட்டது நான் மட்டும் என்றால் பரவாயில்லை. செய்யாத குற்றத்துக்கு ஒரு பிள்ளையைப் போலீஸ் பெஞ்சில் உட்கார வைத்தேன். எனக்கு மிகுந்த வெட்கமாக இருக்கிறது.

7. இதை வாயால் சொல்லித் திருத்த முடியாதாம். மனைவி என்ற முறையில், என் கணவர் ஆறு ஆண்டுகளாக ஊரில் இல்லை என்று எழுத்தில் கொடுக்க வேண்டும் என்று காவல் நிலையத்தில் சொன்னார்கள். எழுதிக் கொடுத்தால் அந்தத் தாள் என்றைக்காவது அக்கரைக்குப் போகும். போனால் நோட்டில் கணவர் பெயர் அடிபடும், எங்கள் குப்பத்துக்கு ஒரு முறை குறையும். செய்தி தெரிந்து கிராமத் தலைவர் துளசிங்கம் வீட்டுக்கு வந்தார். குரலை உயர்த்தவில்லை. "எழுதாத வரைக்கும் எல்லாரும் நல்லவங்கம்மா. எழுதிட்டா ஊரு வேற மாதிரி பேசும்" என்றார். என் மகள் தனியாகத்தானே டியூஷன் போய் வருகிறாள் என்றும் கேட்டார். அக்கறையில் கேட்டாரா, வேறு எதற்காவது கேட்டாரா என்று என்னால் சொல்ல முடியவில்லை. அன்று முதல் நானே கொண்டுபோய் விட்டு அழைத்து வருகிறேன். அவருடைய மகன் எங்கே இருக்கிறார், மற்ற வீடுகளில் யார் யார் எந்த நாட்டில் இருக்கிறார்கள் என்பது பற்றி எனக்கு எதுவும் தெரியாது. யாரும் என்னிடம் கேட்கவும் வேண்டாம். என் வீட்டு ஆளைப் பற்றி மட்டுமே எழுதுகிறேன்.

ஆகவே நான் தெரிவித்துக்கொள்வது: என் கணவர் சகாதேவன் வடக்குத்திட்டுக்குப்பத்தில் வசிக்கவில்லை. 07.08.2025 அன்று அவர் கனடாவில் இருந்தார். இதனால் பாடு போகும் என்பது தெரிந்தே எழுதுகிறேன்.

8. இதற்கு ஊரில் வசிக்கும் ஒருவர் சாட்சிக் கையொப்பம் இட வேண்டும் என்றார்கள். யாரிடம் கேட்டாலும் போட மாட்டார்கள் என்று தெரியும், கேட்கவில்லை. நேற்று பூவரசன் தானாக வந்து, "நான் போடுறேன் அண்ணி" என்றார். அவர் வாயில் இருக்கும் சோற்றைத் தட்டிவிடுகிற தாள் இது. அதில் அவரே கையெழுத்துப் போடுகிறேன் என்றால் எனக்குச் சந்தேகம் வராமல் என்ன செய்யும்? யார் அனுப்பினார்கள், துளசிங்கம் ஏதாவது சொல்லிக் கொடுத்தாரா, நாளைக்கு நான் போடவில்லை என்று மாற்றிச் சொல்வாயா என்று வரிசையாகக் கேட்டேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"ஆறு வருசமா அண்ணன் பேர்ல தண்ணில எறங்குறேன் அண்ணி. முகத்துவாரத்துல இழுப்பு ஜாஸ்தி. ஒரு நாளைக்கு எனுக்கு ஒண்ணு ஆச்சின்னா, போனவன் பேரு இன்னான்னு எழுதுவாங்க? நோட்டுல நான் இல்லவே இல்லியே."

ஏழாம் பத்தி வரை எழுதியிருந்த தாளைக் கொடுத்தேன். முழுதும் படித்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார். அவரைப் பற்றி நான் எழுதியதையும் படித்தார்.

9. ஆகவே ஐயா அவர்களை நான் வேண்டுவது:

(அ) பூவரசன் மீது நான் கொடுத்த மனுவை முடித்து வைத்து, அவர் மீது குற்றம் ஏதுமில்லை என்று எனக்கும் அவருக்கும் எழுத்தில் தர வேண்டும். இனி அவரை அழைத்து உட்கார வைக்கக் கூடாது.

(ஆ) மறு விசாரணைக்கு வேறு நிலையத்தில் இருந்து, சீருடையில், அடையாள அட்டையுடன் ஒருவரை அனுப்ப வேண்டும். கணவரின் கடவுச்சீட்டில் உள்ள முத்திரைகளின் நகல், ஆறு ஆண்டுச் சம்பளச் சீட்டுகள், கருமாதிக்கு வந்து போன விமானச் சீட்டு ஆகியவற்றை இணைத்திருக்கிறேன். மொத்தம் 31 தாள்கள். ஒவ்வொன்றிலும் எண் போட்டிருக்கிறேன். ஒன்று குறைந்தாலும் எனக்குத் தெரியும்.

(இ) காவலரிடம் தவறான தகவல் சொன்னதற்கு என்ன தண்டனையோ அதை எனக்குத் தரவும். என் கணவரின் விண்ணப்பத்தில் அதைச் சேர்க்க வேண்டாம். திருத்திய அறிக்கை 15.10.2025க்கு முன்பாகப் போய்ச் சேர ஆவன செய்ய வேண்டும்.

(ஈ) இந்த மனுவுக்கு எண் போட்ட ரசீது தர வேண்டும்.

(உ) கடைசியாக ஒன்று. இது தங்கள் படிவத்தில் இடமில்லாத கோரிக்கையாக இருக்கலாம். திருத்திய அறிக்கையில், சகாதேவன் ஊரில் இல்லை என்பதோடு நிறுத்திவிட வேண்டாம். விசாரணை நாளன்று இந்த வீட்டில் இருந்து ஏரிக்குத் தொழிலுக்குச் சென்றிருந்தவர் பூவரசன் என்று அவர் பெயரையும் ஒரு வரி எழுதும்படி மிகவும் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: வடக்குத்திட்டுக்குப்பம்
நாள்: 22.09.2025

உண்மையைத் தாமதமாகச் சொல்லும் மனுதாரர்,
(ஒப்பம்) ச. செவ்வந்தி

சாட்சி:
(ஒப்பம்) பூவரசன்
வடக்குத்திட்டுக்குப்பத்தில் வசிப்பவர்