மூன்றாவது ஸ்லாஷ்

இன்று காலை வந்த மின்னஞ்சலில், நீ எழுதிய பதினோரு புரோகிராம் வரிகளைக் காட்டி ஒருவர் புகார் சொல்லியிருந்தார். எந்த ஊர்க்காரரோ. நாம் இருவரும் சம்பளமில்லாமல் வளர்த்த சாஃப்ட்வேர் லைப்ரரி, ஃபைல் முகவரிகளைத் தர விதிப்படி படிப்பதில்லையாம். அவர் முகவரியில் குறித்திருந்த கணினி அன்று அணைந்திருக்கிறது; அதன் பெயரையே உள்ளூர் ஃபோல்டர் என்று எடுத்துக்கொண்டு வேறு எதையோ திறந்துவிட்டதாம். மரியாதையாகத்தான் எழுதியிருந்தார். எனக்கு அலுப்புத்தான் வந்தது. காற்று திரும்பி மணலி ரிஃபைனரி வாடை உள்ளே அடித்தது. எழுந்து ஜன்னலைச் சாத்தக்கூட மனமில்லை.

இதே புகாரை உன்னிடம் முதலில் சொன்னவள் நான். ஃபைல் முகவரியில் இரண்டு ஸ்லாஷ், அதாவது சாய்கோடு, போட்டால் அடுத்து வருவது கணினியின் பெயர். சொந்தக் கணினி என்றால் பெயர் வேண்டாம், அந்த இடம் காலி. அதனால் ஃபோல்டருக்கு முன்னால் வரும் ஸ்லாஷும் சேர்ந்து மூன்று ஸ்லாஷ் ஒட்டி நிற்கும். இவ்வளவுதான் விதி. ஆனால் நாம் வேலைக்குச் சேர்ந்த திருவொற்றியூர் கன்டெய்னர் யார்டில், பில் கவுன்டர் அக்கா பழைய கேட் பாஸ் படங்களின் முகவரியையெல்லாம் கையாலேயே தட்டி வைத்திருந்தார், இரண்டே ஸ்லாஷோடு. வெப்சைட்டுக்கு இரண்டுதானே, இதற்கும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டார். அவருக்காகத்தான் நீ அந்த வரிகளை எழுதினாய்: அந்தப் பெயரில் கணினி கிடைக்காவிட்டால், அதை ஃபோல்டராக எடுத்துக்கொள்.

நான் வேறு கம்பெனிக்கு மாறிய பிறகு ஒருநாள் யார்டு வாசல் டீக்கடையில் அந்த வரிகளைப் பற்றிப் பேச்சு முற்றியது.

"இத்த எட்த்துடு. என்னிக்காவது தப்பான ஃபைல தொறக்கும்" என்றேன்.

"அக்கா கண்ணு நோவ நோவ தட்டி வச்சிக்கீது. ஒரு ஸ்லாஷ் கொறையுதுன்னு மூஞ்சில அட்ச்சா மாதிரி தொறக்க மாட்டேன்னு சொல்லணுமா? இன்னாமே உன் நாயம்?"

"ஊருக்கெல்லாம் ஒரு ரூலு, உங்க அக்காவுக்கு ஒரு ரூலா?"

"ஆமா. இன்னா இப்போ?"

டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். ஐந்து வாரம் பேசவில்லை. ஆறாவது வாரம் மழையோடு உனக்குக் காய்ச்சல் வந்தது. நான் வியாசர்பாடிக்கு ஓடி வந்தபோது உன் வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள்.

எட்டு மாதமாக அந்த வரிகளை நான் தொடவில்லை. எடுத்தால் அக்காவின் படங்கள் திறக்காது, அவர் தட்டியபடியே திறக்கும் என்று நீ அவருக்குக் கொடுத்த வாக்கு போய்விடும். விட்டுவைத்தால் இதோ, யாரோ ஒருவர் மாட்டிக்கொள்கிறார். மதியம் லீவு போட்டுவிட்டு, அக்காவிடம் நேரில் சொல்லிவிடலாம் என்று யார்டுக்குப் போனேன்.

அக்கா சிரித்துவிட்டார். "அத்த எப்பவோ சரி பண்ணியாச்சே. மழைக்கு முன்னாடி மூணு சனிக்கெழம வந்து குந்திகினு ஒண்ணொண்ணா மாத்திச்சு உன் தோஸ்து. இப்போ எல்லாத்துலயும் மூணு கோடு கீது பாரு. 'அவகிட்ட சொல்லிடாதக்கா, அப்பால கைல புடிக்க முடியாது. வேலைய முடிச்சிட்டு நானே போய் சொல்றேன்'னு சொல்லிச்சு."

நான் திரையையே பார்த்துக்கொண்டு நின்றேன். அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டார்.

வீட்டுக்கு வந்து உன் வரிகளை எடுத்தேன். அந்த இடத்தில், தவறு என்று மட்டும் சொல்லி நிறுத்தாமல், இங்கே இன்னொரு ஸ்லாஷ் விட்டுப்போயிருக்கலாம் என்று சொல்லும்படி ஒரு வரி சேர்த்தேன். யார் முகத்திலும் அடிக்கக் கூடாது என்பது மட்டும் உன்னிடமிருந்து எனக்கு ஒட்டிக்கொண்டுவிட்டது. புரோகிராமின் சோதனைகள் எல்லாம் சரி என்று பச்சை காட்டின. புகார் சொன்னவர் நன்றி எழுதினார்.

ஜெயித்தது நான்தான். ஆனால் அந்த ஐந்து வாரம் எனக்கு இனி ஆறாது. நான் வீம்பாக ஃபோனைக் கவிழ்த்து வைத்திருந்தபோது, நீ மூன்று சனிக்கிழமை என் பேச்சைக் கேட்டு வேலை செய்துகொண்டிருந்திருக்கிறாய். நான் ஒரு முறைகூட உன்னை அழைக்கவில்லை.