நான் நின்ற பக்கம்

12.10.1986, ஞாயிறு, வைலே, டென்மார்க்

கல்லூரிக் கூடைப்பந்து அணிக்கு நான் பயிற்றுநராகி இரண்டு கிழமைதான் ஆகிறது. "கிண்ணம் வேண்டும் என்று இங்கே யாரும் கேட்கமாட்டார்கள்" என்று சொல்லித்தான் அதிபர் வேலை தந்தார். கேட்பது இந்த ஊருக்கு வந்து சேர்ந்திருக்கும் எங்கள் தமிழ் ஆட்கள்தான்.

இன்று தேவாலயத்தில் பூசை முடிந்த கையோடு, எங்கள் ஆட்களில் மூத்தவரான யேசுதாசன் அண்ணை பதினாலு பேரைக் கூட்டிக்கொண்டு பயிற்சி பார்க்க வந்துவிட்டார். என் மாணவர்களையே இரண்டாகப் பிரித்து விளையாட விட்டிருந்தேன். வழக்கமாக இறங்கும் ஐவரின் பக்கம் நான் நின்றேன். வழக்கமாக வெளியே உட்கார்ந்திருப்பவர்களின் பக்கம் வென்றது. எனக்குச் சந்தோஷம். அண்ணையின் முகமோ செத்த வீட்டுக்கு வந்தவரின் முகம்.

"முதல் மட்ச்சிலயே தோத்திட்டாய் தம்பி. வெள்ளையளுக்கு முன்னால எங்கட மானம் போச்சு."

"இது பயிற்சி அண்ணை. ரெண்டு பக்கமும் என்ர பெடியள்தான்."

"எண்டாலும் நீ நிண்ட பக்கம் தோத்ததுதானே?"

நான் பந்துகளைப் பொறுக்கப் போய்விட்டேன். பதிலை இப்போது எழுதுகிறேன். சனிக்கிழமை உண்மையான போட்டி. இன்று வென்ற ஐவரைத்தான் முதலில் இறக்குவேன். தோற்றால், நான் தோற்றதாக இருக்கட்டும். எங்கள் மானத்தைக் காப்பாற்ற ஐந்து டெனிஷ் மாணவர்கள் ஓடவேண்டுமாம்! அவர்கள் பந்துக்குப் பின்னால் ஓடினால் போதும்.