நடுவில் நிற்காத குரல்

2024 நவம்பர் 4, திங்கள்

தீபாவளிக்கு எங்கள் வீட்டில் எண்ணெய்ச் சட்டி வைக்கவில்லை. தெரு முழுக்க வெடித்த காகிதம் கிடக்கிறது, எங்கள் வாசல் மட்டும் சுத்தம். தம்பி கோபி போய் ஐந்து மாதம் ஆகிறது. பள்ளிகொண்டாவில், என் பைக்கில், என் பின்னால் உட்கார்ந்து வந்தவன். எனக்குக் காலர் எலும்பு முறிந்ததோடு சரி.

வருஷம் திரும்பும்வரை வீட்டில் பாட்டுச் சத்தம் கேட்கக் கூடாது. இதை யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. மாடியில் கோபியின் மனைவி சங்கீதா இருக்கிறாள். என் ஸ்பீக்கர் பாடினால் அவள் காலுக்குக் கீழே தரை அதிரும். சாவு நடந்த அன்றே என் மனைவி மேகலா ஆம்ப்ளிஃபயர் மேல் ஒரு பழைய படுக்கை விரிப்பைப் போர்த்தினாள். அதற்கப்புறம் ஒருவரும் தொடவில்லை.

இருபத்தாறு வருஷத்தில் இத்தனை நாள் பாட்டுக் கேட்காமல் இருந்ததில்லை. தம்பி செத்த வீட்டில் இதை எழுதுகிறேனே என்று வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் கேட்காமல் முடியவில்லை. ஒரு ஹெட்போன் வாங்கினால் என்ன?

நவம்பர் 10, ஞாயிறு

ஹெட்போன்காரர்களை வாய் ஓயாமல் கேலி செய்தவன் நான். "தலைக்குள்ள கச்சேரி வெச்சா ஜனம் எங்க உக்காரும்?" என்று தௌசீப்பை எத்தனை முறை சீண்டியிருக்கிறேன். இன்று அவனிடமே போய் நின்றேன். தோல் ஃபேக்டரிகளுக்குக் கெமிக்கல் விற்பவன், என்னைப் போலவே பாட்டுப் பைத்தியம். அவன் சிரிக்கவில்லை. அதுவே கஷ்டமாக இருந்தது.

பின்பக்கம் திறந்திருக்கும் வகைதான் ஸ்பீக்கரில் பழகிய காதுக்கு ஒத்துவரும் என்றான். மூடிய வகை பானைக்குள் தலையை விட்ட மாதிரி இருக்குமாம். ஆனால் திறந்ததில் சத்தம் வெளியே கசியும். சங்கீதா தண்ணீர் பிடிக்க இறங்கி வருகிறபோது கொசு மாதிரி ஒரு இழை கேட்டாலும் போதும், அவள் முகத்தில் விழிக்க முடியாது. மூடியதே போதும் என்றேன். கூடவே அதை இயக்க ஒரு சின்ன ஆம்ப்.

"பேஜார் ஆவாத தோஸ்த். மொத ஹெட்போன், ஜாஸ்தி யோசிக்காத. ஒரு மணி நேரம் தலையில கனக்காம உக்காருதா, அத்த மட்டும் பாரு" என்றான்.

நவம்பர் 24, ஞாயிறு

வந்தது. இடப்பக்கம் பழுது.

பழைய மோனோ ரெக்கார்டு ஒன்றைப் போட்டேன். மோனோவில் இரண்டு பக்கமும் ஒரே சத்தம்தான் வரும். பாடுகிறவர் நெற்றிக்கு நேரே, நட்டநடுவில் நிற்க வேண்டும். இவர் என் வலது காதருகே வந்து நின்று பாடுகிறார். மட்டமான சாமான்.

நவம்பர் 30, சனி

தௌசீப் ஹெட்போனை வாங்கிப் போட்டுப் பார்த்தான். "எனக்கு ரெண்டு பக்கமும் சரியாத்தான கேக்குது?" என்றான். பிறகு அவனே, "உன் காது சொன்னா சரியாத்தான் இருக்கும். ஊர்ல எவனுக்கு அந்தக் காது இருக்குது?" என்று பெட்டியில் போட்டு, 'இடப்பக்கம் குறை' என்று எழுதி அனுப்பிவிட்டான்.

உண்மைதான். கல்யாண மண்டபத்து ஸ்பீக்கரில் எந்தக் கூம்பு கிழிந்திருக்கிறது என்று வாசலில் நின்றே சொன்னவன் நான்.

டிசம்பர் 15, ஞாயிறு

இரண்டாவது ஹெட்போன். வேறு கம்பெனி. பாடுகிறவர் மறுபடி வலப்பக்கம்.

சின்ன ஆம்ப்பில்தான் கோளாறு இருக்க வேண்டும். இல்லையென்றால் கேபிள்.

டிசம்பர் 16, திங்கள்

இடவலம் மாற்றிப் பார்க்கவில்லை. நேரமில்லை.

டிசம்பர் 22, ஞாயிறு

இன்றும் மாற்றிப் பார்க்கவில்லை. அரை நிமிஷ வேலை. ஏன்?

2025 ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். எங்களுக்கு இல்லை. மேகலா வெறும் சோறு வடித்தாள்.

கோபி கேஸில் என்னைச் சாட்சியாக விசாரிப்பார்களாம், சம்மன் வரும் என்று ஏட்டு போனில் சொன்னார். "அன்னிக்கி சொன்னதையே சொல்லுங்க சார், போதும்."

அன்று சொன்னது: வேலூரிலிருந்து ஆம்பூர் திரும்பிக்கொண்டிருந்தோம். பள்ளிகொண்டா தாண்டி, இடப்பக்கச் சாலையிலிருந்து டிப்பர் லாரி வந்து மோதியது. லாரி ஹாரன் அடிக்கவில்லை. நான் கேட்ட ஒரே ஹாரன் வலப்பக்கத்தில், எதிர்ச் சாலையில் போன பஸ்ஸுடையது. லாரி டிரைவர் கோவிந்தசாமி ஸ்டேஷனில் கையெடுத்துக் கும்பிட்டான். "அடிச்சேன் சார். அமுக்கின கைய எடுக்கவே இல்ல சார்." இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். நான், "ஹாரன் எந்தப் பக்கத்துலருந்து வந்துச்சின்னு எனக்கா தெரியாது?" என்றேன். என் காதைப் பற்றி அவருக்கும் யாரோ சொல்லியிருந்தார்கள். அப்படியே எழுதிக்கொண்டார்.

ஜனவரி 26, ஞாயிறு

மாற்றிப் பார்த்தேன்.

கேபிள் ஒன்றும் வேண்டாம், ஹெட்போனையே திருப்பி மாட்டினால் போதும். இடது கிண்ணம் வலது காதில், வலது கிண்ணம் இடது காதில். குறை ஹெட்போனில் இருந்தால் பாடுகிறவர் இப்போது இடப்பக்கம் போக வேண்டும்.

அவர் நகரவில்லை. அதே வலப்பக்கம்.

மூன்று முறை திருப்பினேன். பிறகு வலது காதைப் பஞ்சால் அடைத்துக்கொண்டு வைத்தேன். யாரோ பக்கத்துத் தெருவில் பேசுகிற மாதிரி இருந்தது.

பிப்ரவரி 8, சனி

வேலூரில் பரிசோதனை. சத்தம் போகாத அறைக்குள் உட்காரவைத்து, கேட்டால் பட்டனை அமுக்கச் சொன்னார்கள். வலது காதுக்கு அமுக்கி அமுக்கி விரல் ஓயவில்லை. பிறகு ரொம்ப நேரம் ஒன்றுமே வரவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அந்தப் பெண் இன்னும் எதையோ திருகிக்கொண்டுதான் இருந்தாள்.

இடது காதில் நரம்புக் குறையாம். மீள வராதாம். என்ன வேலை என்று டாக்டர் கேட்டார். பதினெட்டு வருஷம் ஸ்டேக்கிங் மெஷின், காய்ந்த தோலை அடித்து மென்மையாக்குவது, இடது தோள் மெஷின் பக்கம் என்றேன். "அதனால மெல்ல மெல்லப் போயிருக்கலாம். இல்ல, அந்த ஆக்சிடென்ட்ல அடிபட்டுப் போயிருக்கலாம். எப்பன்னு இப்ப சொல்ல முடியாது" என்றார்.

இடது காலர் எலும்புதான் முறிந்தது. அப்படியென்றால் ஆக்சிடென்டில் போனது. அதற்கு முன் நன்றாகத்தான் கேட்டது. கேட்டதா?

பிப்ரவரி 9, ஞாயிறு

மேகலாவிடம் சொன்னேன். பருப்பு கழுவிக்கொண்டிருந்தவள் கையை எடுக்கவில்லை.

"டாக்டரே சொல்லிட்டாரு இல்ல. ஆக்சிடென்ட்ல போனதாவே இருக்கட்டும்."

பிப்ரவரி 12, புதன்

ஒற்றைக் காதுக்கு எல்லாச் சத்தமும் அந்தக் காதுப் பக்கமிருந்துதான் வரும். ஃபேக்டரி வாசலில் நின்று சோதித்தேன். கண்ணை மூடிக்கொண்டால் போகிற ஆட்டோ, வருகிற ஆட்டோ எல்லாம் வலப்பக்கம்.

அப்போ அந்த பஸ்?

நான் பஸ்ஸைப் பார்க்கவில்லை. ஹாரன் கேட்டது. வலப்பக்கம் திரும்பிப் பார்த்தேன். எதிர்ச் சாலையில் ஏதோ ஒன்று போயிருக்கும் என்று நானே வைத்துக்கொண்டதுதான் பஸ். கோபி என் இடது தோளை இறுக்கிப் பிடித்தான். பிடித்தான், அது நிச்சயம். நான் வலப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

விரிப்பைத் தூக்கிப் பார்த்தேன். பாட்டுக்காக இல்லை.

ஆம்ப்ளிஃபயரில் பாலன்ஸ் குமிழ் ஒன்று உண்டு. இடது ஸ்பீக்கருக்கு எவ்வளவு சத்தம், வலதுக்கு எவ்வளவு என்று பங்கு பிரிப்பது. அதன் கோடு கடிகாரத்தில் பன்னிரண்டு மணி மாதிரி நேர் மேலே நிற்க வேண்டும். ஒன்பதரையில் நிற்கிறது. இடப்பக்கம்.

ஜூனிலிருந்து யாரும் தொடவில்லை. அதற்கு முன் தொட்டவன் நான் ஒருவன்தான்.

எல்லாம் ஞாபகம் வருகிறது. இடது ஸ்பீக்கர் கிழடாகிவிட்டது என்று மயிரிழை திருப்பினேன். இடப்பக்கத்து ஜன்னல் சத்தத்தைத் தின்கிறது என்று கனத்த திரை போட்டேன், இன்னும் கொஞ்சம் திருப்பினேன். நாற்காலியைக்கூட இடப்பக்கம் நகர்த்தியிருக்கிறேன், தரையில் அதன் கால் தேய்த்த தடம் இருக்கிறது. நாலு வருஷமா? அஞ்சா? எல்லாவற்றிலும் குறை கண்டுபிடித்தேனே, படுபாவி, என்னைத் தவிர.

மேகலா பின்னால் வந்து நின்றது தெரியவில்லை. எட்டிப் பார்த்தாள். அவளுக்கு ஆம்ப் தெரியாது, என் முகம் தெரியும்.

"இத்த யாரு பாக்கப் போறாங்க? திருப்பி நடுவுல வெச்சிட்டு மூடுங்க."

வைத்தேன். நடுவுக்கு வந்ததும் விரலில் 'டிக்' என்று ஒரு சின்னத் தடை தட்டியது. அந்த இடத்தை என் விரல் மறந்தே போயிருந்தது. ஒரு நிமிஷம் அப்படியே விட்டேன். பிறகு ஒன்பதரைக்கே திருப்பிவிட்டேன்.

மேகலா இரவு சாப்பிடவில்லை.

மார்ச் 2, ஞாயிறு

சங்கீதாவிடம் சொல்லாமல் கோர்ட்டில் சொல்லக் கூடாது. மாடிக்குப் போனேன். வக்கீல் எச்சரித்ததையும் மறைக்கவில்லை: லாரி மேல் தப்பில்லை என்றானால் அவளுடைய நஷ்ட ஈட்டுக் கேஸும் ஆட்டம் கண்டுவிடும்.

அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சாவுக்கு மறுநாள் அவள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. கடைசியாக அவர் ஏதாவது சொன்னாரா? அன்று நான், "ஒண்ணும் சொல்லலம்மா, அவன் கஷ்டப்படல" என்றேன். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை மாதம் இருந்திருக்கிறாள்.

இன்று மறுபடி கேட்டாள்.

"அவரு சொன்னாரா இல்லியா, மாமா?"

"தெரியலம்மா."

"பின்னாடிதான உக்காந்துனு வந்தாரு. உங்க காதுகிட்டதான?"

"அந்தக் காதுல கேக்காதும்மா."

அவள் அழுதிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். எழுந்து போய் அடுப்பை அணைத்தாள். அடுப்பில் ஒன்றும் இல்லை.

மார்ச் 3, திங்கள்

என்ன சொல்லியிருப்பான்? அண்ணா, லாரின்னு சொல்லியிருப்பான். நில்லுன்னு சொல்லியிருப்பான். கத்தியிருப்பான்டா அவன்.

ஜூன் 9, திங்கள்

வருஷத் திதி முடிந்தது. ஐயர் வந்தார், போனார். சங்கீதா எனக்குச் சோறு போடவில்லை, மேகலாதான் போட்டாள். இனிப் பாட்டு வைக்கலாம். வைக்கவில்லை.

ஜூலை 10, வியாழன்

சத்துவாச்சாரி கோர்ட். கூண்டில் ஏறியதும் அரசு வக்கீல் இடப்பக்கம் வந்து நின்று ஏதோ கேட்டார். வாய் அசைந்தது.

"ஐயா, இந்தப் பக்கம் வாங்க. அந்தக் காது கேக்காது" என்றேன்.

நீதிபதி எழுதுவதை நிறுத்தி நிமிர்ந்தார். எப்போதிலிருந்து என்று கேட்டார்.

"ஆக்சிடென்டுக்கு முன்னாலருந்தே" என்றேன்.

மீதியையும் சொன்னேன். போலீஸில் சொன்னதை ஏன் மாற்றுகிறாய், எவ்வளவு வாங்கினாய் என்றார்கள். வெளியே வந்தபோது கோவிந்தசாமி காலில் விழ வந்தான். தள்ளிவிட்டேன். கொஞ்சம் பலமாகவே தள்ளிவிட்டேன் போலிருக்கிறது, அவன் பெஞ்சைப் பிடித்துக்கொண்டான்.

ஜூலை 13, ஞாயிறு

இரண்டாவது ஹெட்போனைத் தௌசீப்பிடம் கொடுத்துவிட்டேன். முன்பு திருப்பி அனுப்பினோமே, அதிலும் ஒரு குறையும் இல்லை என்றேன். "வுடு தோஸ்த், அது போயி எத்தினி நாளாச்சி" என்றான்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

சங்கீதா ஜோலார்பேட்டைக்கு, அவள் அப்பா வீட்டுக்கே போய்விட்டாள். சாமான் ஒரு சின்ன லோடுதான். வண்டி கிளம்பும்போது சாவியைக் கொடுக்க வந்தாள். மார்ச்சுக்குப் பிறகு என்னிடம் அவள் பேசியதே இல்லை. இன்று சாவியை நீட்டிக்கொண்டு, என் இடப்பக்கம் நின்று, தலையைக் குனிந்தபடி ஏதோ சொன்னாள். லோடு வண்டி இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. திரும்பச் சொல் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. சரிம்மா என்றேன்.

மாலையில் மேகலா ஆம்ப்ளிஃபயர் மேலிருந்த விரிப்பை எடுத்து உதறி மடித்தாள். "மேல இனிமே யாரும் இல்லியே. எவ்ளோ சத்தமா வேணும்னாலும் வெச்சிக்குங்க" என்றாள்.

குமிழ் ஒன்பதரையிலேயே இருக்கிறது. நாற்காலியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். சுவிட்சைப் போடவில்லை.