கூடத்து வாசலில் எழுத வேண்டிய பெயர்

அண்ணே,

நம் ஊர்ச் சமுதாயக்கூடத்துக்கு வெள்ளையடிக்கிறார்கள். ஈரச் சுண்ணாம்பின் வாசனை என் ஜன்னல் வரை வருகிறது. நீங்கள் கண்மூடி ஒரு வருடம் ஆகப்போகிறது. வாசலுக்கு மேல் உங்கள் பெயரை எழுதுவதென்று ஊர் முடிவு செய்திருக்கிறது. வாசகத்தை எழுதித்தரும் பொறுப்பு எனக்கு. மூன்று நாளாகத் தாள் வெறுமையாகக் கிடக்கிறது. எழுதுவதற்கு முன் உங்களிடம் சொல்ல வேண்டியவற்றை, தாலுகா ஆபீஸ் பழக்கத்தில், வரிசைப்படுத்திக்கொள்கிறேன்.

1. கூடம் கேட்டு மனு எழுதியவன் நான்.
2. ஆனால் ஊருக்கு அது உங்கள் கூடம்.
3. என் மகளின் நிச்சயதார்த்தத்தைக் கெடுத்து நீங்கள் நல்ல பெயர் வாங்கிக்கொண்டீர்கள்.

மனுக்களின் நகல்கள் இன்னும் என் பீரோவில் இருக்கின்றன. கூடத்துக்கு விதிகள் எழுதிச் சுவரில் மாட்டியதும் நான்தான். நான்காம் விதி: சுப காரியங்களுக்கு மட்டும்.

கூடத்துச் சாவியை வைத்திருந்த நீங்கள் ஒரு வரிகூட எழுதியதில்லை. சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடத் தொடங்கியதும் சாலைப் பக்க ஜன்னல்களைச் சாத்துவீர்கள். விசேஷம் முடிந்தால் தரையைக் கழுவி, ஜமுக்காளத்தை வெயிலில் உதறிப் போடுவீர்கள். மழைக்காலத்துக்கு முன் மாடியில் ஏறி, தண்ணீர் இறங்கும் குழாயை அடைத்திருக்கும் வேப்பிலையைக் கையாலேயே அள்ளுவீர்கள். நான் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருப்பேன். போகிறவர்கள் அண்ணாந்து உங்களிடம்தான் பேசுவார்கள்.

"என்னண்ணே, ஒங்க மாளிக ஒழுவுதா?"

"பாத்துப் பேசுப்பா. கீழ சார் நிக்கிறாரு, மனு போட்டுருவாரு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்தபின் சோறு இறங்கவில்லை.

மூன்றாவதுதான் பெரியது. சில வருடங்களுக்கு முன், ஓர் ஐப்பசி மழை. மறுநாள் காலை கூடத்தில் நிச்சயதார்த்தம். வரதராஜன்பேட்டையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். அன்று மதியம் தெற்குத் தெருவில் ஒரு பெரியவர் இறந்துவிட்டார். அவர் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். நீங்கள் கூடத்தைத் திறந்துவிட்டீர்கள். நான் குடையோடு ஓடிவந்தேன்.

"நாலாவது விதி என்ன ஆச்சு?"

"எம்மேல தப்புத்தான் சார். பொணத்தத் தண்ணியிலயா கெடத்துறது?"

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

நீங்கள் தலையைக் குனிந்துகொண்டீர்கள். மறுநாள் சம்பந்தி வீட்டார் என் சின்ன வீட்டில் முட்டிக்கு முட்டி இடித்து உட்கார்ந்தார்கள். தெற்குத் தெருவே உங்களைக் கையெடுத்துக் கும்பிட்டது. அதன்பின் உங்கள் ஏணியை நான் பிடிக்கவில்லை.

இதுவரை நேற்று இரவு எழுதியது. இன்று காலை காப்பி கொண்டுவந்த என் மனைவி வெற்றுத் தாளைப் பார்த்தாள்.

"இன்னுமா எழுதல? பெயிண்டரு வந்து வந்து போறாரு."

எழுத முடியாத காரணத்தைச் சொன்னேன். டம்ளரைக் கீழே வைத்தாள்.

"அன்னிக்கு அண்ணன் நம்ம கொல்லப்பக்கம் வந்து நனைஞ்சுக்கிட்டு நின்னாருங்க. சார்கிட்ட எப்பிடிக் கேக்குறதுன்னு தவிச்சாரு. தொறந்து விடுங்க, நிச்சயத்த வூட்டுலயே வச்சுக்கிறோம்னு நான்தான் சொன்னேன். ஒங்ககிட்ட சொல்ல வேணாம்னு சத்தியம் வாங்கிக்கிட்டதும் நான்தான்."

"என்னை ஏன் கேக்கல?"

"நீங்க விதிய எடுத்துப் படிப்பீங்க. அதுக்குள்ள அந்த மனுசன் மெதந்துருப்பாரு."

இத்தனை வருடம் நான் முகம் கொடுத்துப் பேசாதபோதும், நீங்கள் அவளைக் காட்டிக்கொடுக்கவில்லை.

உங்கள் பெயரை எழுதி நானே கொண்டுபோனேன். பெயிண்டர் ஏறியபோது ஏணியைப் பிடித்துக்கொண்டேன். பொறாமை தீர்ந்தது என்று சொன்னால் பொய். கட்டிய மனைவியும் என்னை விட்டு உங்களைத்தான் நம்பினாள் என்பது இப்போது அதோடு சேர்ந்துகொண்டது. அதையும் சுமந்துகொண்டு, இந்த ஐப்பசிக்கு முன் வேப்பிலை அள்ள நான் மாடி ஏறவேண்டும்.

முதல் இரண்டிலும் மாற்றமில்லை. மூன்றாவது தவறு, அண்ணே.