பால்பவுடர் டின்னில் மெழுகுவத்தி

மச்சான்,

இன்றைக்கு வியாழக்கிழமை. விவேக் நகர் வேதக்கோயிலில் கூட்டம் வாசல்வரை நின்றது. உருகிய மெழுகு வாசனை மூக்கில் ஏறியதுமே திரும்பிவிடப் பார்த்தேன். மூன்று வருடமாக இந்தப் பக்கமே வராதவன் நான். உன் மனைவிதான், "அவரு நினைவு பூசைக்காவது வாங்கண்ணா" என்று விடாமல் கூப்பிட்டாள். வந்ததும் என் கையில் ஒரு மெழுகுவத்தியைக் கொடுத்தாள். கொளுத்த எனக்குக் கை வரவில்லை.

நாம் இருவரும் வேலை பார்த்த அப்பார்ட்மெண்டின் கழிவுநீர்த் தொட்டியை எப்போது திறந்தாலும், பால்பவுடர் டின்னுக்குள் மெழுகுவத்தி ஏற்றி, கயிறு கட்டி உள்ளே இறக்குவாய். அணைந்தால் காற்று இல்லை, இறங்கக் கூடாது. தங்கவயல் சுரங்கத்தில் நம் இருவரின் அப்பாக்களும் அப்படித்தான் செய்தார்கள் என்பாய். நான் சோம்பினால், "மைன்ஸ்காரன் புள்ளையாடா நீ? கயிறப் புடிடா!" என்று சிரிப்பாய். வாட்ச்மேன்கள் அந்த டின்னைப் பார்த்துக் கேலி செய்வார்கள். நீ கண்டுகொள்ளவே மாட்டாய்.

நீ போன அந்தக் கோடையில் போர்வெல் வறண்டுவிட்டது. டேங்கர் லாரி வந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. கக்கூஸுக்கு ஊற்ற, நாம் சுத்திகரித்துக் கொடுத்த தண்ணீர்தான் மிச்சம். அந்த நேரம் பார்த்துத் தொட்டிக்குள் பம்பு அடைத்துக்கொண்டது. இரண்டு நாளாய் எந்த வீட்டிலும் ஃப்ளஷ் இல்லை, கட்டடமே நாறியது. உறிஞ்சும் வண்டி மறுநாள்தான் வரும் என்றார்கள். அப்பார்ட்மெண்ட் செக்ரெட்டரி பக்கத்திலேயே நின்று, "பேக மாட்ரி, பேக மாட்ரி" என்று கன்னடத்தில் சீக்கிரம் முடிக்கச் சொல்லி விரட்டிக்கொண்டிருந்தார்.

டின்னை நான்தான் இறக்கி, கயிற்றை மேலே கம்பியில் கட்டினேன். சுடர் ஆடக்கூட இல்லை. "எரியுது மச்சான், எறங்கு" என்று சொன்னதும் நான்தான். நாலு படி இறங்கினாய். ஐந்தாவதில் கை நழுவியது. ஒரு சத்தம்கூட நீ போடவில்லை. உன் பின்னால் இறங்கப்போன என்னை வாட்ச்மேன்கள் பிடித்து இழுத்துவிட்டார்கள்.

தீயணைப்புக்காரர் ஒருவர் பிறகு சொன்னார்: "காத்து இருக்கான்னுதான் அது காட்டும். சாக்கடை வெஷவாயுவக் காட்டாதுப்பா. அது இருந்தாலும் மெழுகுவத்தி எரியும்." நம் அப்பாக்களைக் காப்பாற்றியது உன்னைக் காப்பாற்றவில்லை. பாவி, அதை நம்பித்தானே உன்னை இறக்கினேன்!

இன்னொன்றும் செய்தேன். பிணவறை வாசலில் உன் மனைவி என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "மெழுகுவத்தி எறக்காம அவரு எறங்க மாட்டாரேண்ணா?" என்று கேட்டாள். "அவசரத்துல மறந்துட்டாம்மா" என்று சொல்லிவிட்டேன். வாய் கூசாமல் சொன்னேன். அன்றிலிருந்து அவள் உன் படத்துக்கு முன்னால் நின்று, "அவசரக்குடுக்க, எங்கள நெனச்சியா நீ?" என்று உன்னைத்தான் திட்டிக்கொண்டிருந்தாள்.

இன்று கோயில் வாசலிலேயே சொல்லிவிட்டேன். "அவன் மறக்கலம்மா. எறக்கினோம். எரிஞ்சுது. நான்தான் எறங்கச் சொன்னேன்."

அவள் அழவில்லை. "அப்ப இத்தன நாளும் அவர சும்மாவா திட்டினேன்?" என்று மட்டும் கேட்டாள். என் கையிலிருந்த மெழுகுவத்தியை வாங்கிக்கொண்டு தனியாக உள்ளே போனாள்.

இப்போதெல்லாம் அந்தத் தொட்டிக்குள் நான் யாரையும் இறங்க விடுவதில்லை. அடைப்பு என்றால், வண்டி வரும்வரை மூடிமேல் உட்கார்ந்துகொள்கிறேன். திட்டுகிறார்கள், திட்டட்டும். ஒன்றுதான் மச்சான், என்னை விடமாட்டேன் என்கிறது. உன்னை மேலே தூக்கியபோதும் அந்த டின் உள்ளேதான் தொங்கிக்கொண்டிருந்தது, எரிந்துகொண்டிருந்தது. பிறகு அதை யார் அணைத்தார்களோ தெரியாது. நான் அணைக்கவில்லை.