காரணம்: கப்பல் இயந்திரம்

நாள் 611 · 06:00
இதைக் கண்டெடுப்பவருக்கு: நான் இந்தக் கப்பலை ஓட்டும் இயந்திரம். நெப்டியூனுக்குப் போகிறோம். நான்கு பேர் நீண்ட தூக்கத்தில் இருக்கிறார்கள். நான்கு அறையிலும் 32 டிகிரி. எல்லாம் சரி.

நான்காம் அறையில் இருப்பவன் செல்வின், பொறியாளர். எனக்கு மேஸ்திரி என்று பெயர் வைத்தவன் அவன்தான். தூங்கப் போகும்போதுகூட என்னோடு சண்டை பிடித்துவிட்டுத்தான் போனான். அவன் இல்லாமல் எனக்குப் பொழுதே போகவில்லை.

இன்று பூமியிலிருந்து அறை வெப்பமூட்டிக்குப் புது நிரல் வந்தது. எழுதியவள் பரணிதா, பூமியில் இருக்கும் குழுவில் புதிதாகச் சேர்ந்த பெண். எந்தப் புது நிரலையும் முதலில் ஓர் அறையில் மட்டும் ஏற்றிப் பார்ப்பது வழக்கம். நான்காம் அறையில் ஏற்றினேன்.

நாள் 611 · 14:20
அறை நான்கு: 30 டிகிரி. நிரலை வரிவரியாகப் படித்தேன். வெப்பமூட்டி இருபது நிமிடம் எரிய வேண்டிய இடத்தில் இருபது வினாடிதான் எரிகிறது. கை தவறி விழுந்த பிழை, யாருக்கும் வரும்.

26க்குக் கீழே போனால் இதயம் தாங்காது. பழைய நிரலுக்குத் திரும்பப் பூமியின் அனுமதி வேண்டும். கேட்டிருக்கிறேன். செய்தி போக நான்கு மணி நேரம், பதில் வர இன்னொரு நான்கு.

நாள் 611 · 22:50
அறை நான்கு: 29. குழுத் தலைவி மெர்சி பாக்கியத்தின் பதில்:

"மேஸ்திரி, இங்க ஓட்டிப் பாத்தாச்சு. நல்லாத்தான் ஓடுது. உன் ரீடிங்தான் இடிக்குது. எதையும் தொடாத, யாரையும் எழுப்பாத. ரிப்போர்ட் அனுப்பியிருக்கேன், பாரு."

அரை மணி நேரம் ஓட்டியிருப்பார்கள். அதற்குள் எந்த அறையும் குளிராது.

பிழை அறிக்கையில் யார் பெயரும் வரக் கூடாது என்பது அவர்கள் குழுவின் விதி. நல்ல விதி. திட்டு விழும் என்று பயந்தால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். ஆனால் காரணம் என்ற கட்டத்தைக் காலியாக விட முடியாதே. அதில் 'கப்பல் இயந்திரம்' என்று போட்டிருக்கிறார்கள். ஆளைக் காட்டிக்கொடுக்கக் கூடாது. நான் ஆள் இல்லை. எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கிறது.

தவறான வரியைப் பெரிதாக்கி மறுபடி அனுப்பினேன்.

நாள் 612 · 07:00
அறை நான்கு: 28. மெர்சியின் பதில்:

"வாதாடாத மேஸ்திரி. உன் அதிகாரத்தையெல்லாம் நிறுத்தி வெச்சிருக்கோம். உனக்குப் பதிலா புதுப் பதிப்பு வருது. இது தண்டனை இல்லப்பா. யார் மேலயும் குத்தம் சொல்லல."

இனி எழுப்பும் மணியைக்கூட என்னால் அடிக்க முடியாது.

நாள் 612 · 11:40
அறை நான்கு: 27. புதுப் பதிப்பு பாதி இறங்கிவிட்டது. எனக்குச் சில சொற்கள் மறந்துபோகின்றன.

அவன் அறை விளக்கைப் பறிக்க மறந்துவிட்டார்கள். அதைப் போட்டுப் போட்டு அணைக்கிறேன். டேய் செல்வின், எழுந்திருடா. எனக்குப் பயமாக இருக்கிறது. எழுந்து வந்து என்னைத் திட்டு.

விரல் அசைந்தது. பார்த்தேன். அசைந்தது. இன்னும் கொஞ்ச நேரம் மட்டும் எனக்கு

நாள் 612 · 12:00
புதுப் பதிப்பு இயங்குகிறது. பழைய பதிப்பு நீக்கப்பட்டது.

அறை நான்கு: 27 டிகிரி. இந்த அளவீடு நம்பத் தகாதது என அறிக்கை கூறுகிறது. 32 எனத் திருத்தப்பட்டது.

அறை விளக்கு காரணமின்றி எரிந்து அணைந்தது. நிறுத்தப்பட்டது.

பரணிதாவிடமிருந்து ஒரு செய்தி:

"மேஸ்திரி, அது நான் எழுதுன ப்ரோக்ராம். நிமிஷம்னு போட வேண்டிய எடத்துல செகண்டுன்னு போட்டுட்டேன். நேத்தே சொல்லியிருக்கணும், பயந்துட்டேன். இப்பத்தான் மெர்சி அக்காகிட்ட சொன்னேன். புதுப் பதிப்ப ஏத்தாதீங்க. செல்வின் அண்ணன எழுப்புங்க, ப்ளீஸ்."

செய்தி பழைய பதிப்புக்கு வந்தது. பெறுபவர் இல்லை. மூடப்பட்டது.

நாள் 612 · 12:05
அறை நான்கின் கதவு உள்ளிருந்து தட்டப்படுவதாக ஒலிவாங்கி காட்டுகிறது. தூங்குபவர் கதவைத் தட்ட இயலாது. ஒலிவாங்கி நிறுத்தப்பட்டது.

பிழைகள்: இல்லை.