வாசல் சேவல்

3-2-1984, பசுவந்தனை

எங்கள் கோழிகள் மறுபடியும் பக்கத்து வீட்டுச் சீனித்தாய் மதினியின் மிளகாய்ச் செடியைக் கிளறிவிட்டன. காலையிலேயே நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

மத்தியானம் செண்பகராஜ் அண்ணாச்சி வேனில் வந்தார். கோவில்பட்டி, கயத்தாறு, எட்டயபுரம் மூன்றிலும் ஹோட்டல் வைத்திருப்பவர். வாரந்தோறும் நம் கோழி வேண்டுமாம். காலைக் கட்டித் தலைகீழாகத் தொங்கவிடுவதென்றால் தரமாட்டேன் என்றேன். "கூண்டே அறியாத கோழி அண்ணாச்சி, காட்டுல மேஞ்சு வளந்தது. கூடையிலதான் போகணும்."

"நீங்க சொன்னதையே போர்டுல எழுதிப் போடுதேன் ஸ்டெல்லாம்மா" என்று சிரித்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

17-2-1984

முதல் கூடை போனது. என் செவலைச் சேவலும் அதில் போனது. வேன் கிளம்பும்வரை அடுப்படியைவிட்டு நான் வெளியே வரவில்லை. ஹோட்டலுக்குக் கொடுத்தால் வெட்டுவார்கள், தெரியாதா எனக்கு? வதைக்காமல் சட்டென்று முடிக்கச் சொல்லுங்கள் என்று வீட்டுக்காரரிடம் சொல்லியனுப்பினேன்.

14-3-1984

தபசுகாலம், ஈஸ்டர்வரை கறி தொடுவதில்லை. போர்டைப் பார்ப்பதில் என்ன தப்பு? கோவில்பட்டியில் துணி எடுத்த கையோடு ஹோட்டல் பக்கம் போனேன். 'கூண்டே அறியாத கோழி' — பெரிய சிவப்பு எழுத்து. நேர் கீழே ஒரு கம்பிக் கூண்டு. அதற்குள் செவலை.

என் செவலையேதான். பக்கத்து வீட்டுக் கோழியோடு கலந்துவிடாமல் இருக்கக் குஞ்சிலேயே வலது கால் சுண்டுவிரல் நகத்தை நறுக்கி விடுவேன். அந்தக் கால். திரும்பக்கூட இடமில்லை, வால் கம்பியில் உரசி உரசி முறிந்திருந்தது. "பா, பா" என்றேன். தலையை மட்டும் கம்பிக்கு வெளியே நீட்டியது. ஐயோ மாதாவே!

கல்லாவில் இருந்தவர் எட்டிப் பார்த்தார். "அது பார்வைக்கு வச்சதுக்கா. ஆள் வந்து நின்னு பாத்துட்டு உள்ள வருவாங்க. ஒங்க மத்த கோழி எல்லாம் அன்னன்னைக்கே கொழம்புக்குப் போயிருது."

வெட்டியிருந்தால் இப்படிப் பதறியிருக்க மாட்டேன்.

15-3-1984

வீட்டுக்காரரிடம் சொல்லி அழுதேன். "உசுரோடதானேட்டி இருக்கு? அதுக்கா அழுதே?" என்றார். உயிரோடு இருந்தால் போதுமா?

20-3-1984

வேன் வந்தது. செண்பகராஜ் அண்ணாச்சியே செவலையை இறக்கி, முற்றத்தில் கூடையைக் கவிழ்த்து மூடினார். மனசாட்சியுள்ள மனுஷன் என்று கும்பிடக் கையெடுத்துவிட்டேன்.

"வால் கொட்டிப் போச்சு ஸ்டெல்லாம்மா. வாசல்ல வைக்க லெச்சணமா இல்ல. மாத்திக் குடுங்க. மத்த ரெண்டு கடைக்கும் ஒண்ணொண்ணு வேணும்."

எடுத்த கையை இறக்கினேன். "கூண்டுல அடைக்கவா அண்ணாச்சி?" என்றேன்.

"நேரத்துக்குத் தீனி. வெயில் இல்ல, நரி இல்ல, கத்தியும் இல்ல. இதுக்கு மேல என்ன செய்யணுங்கீங்க?"

கோபமாகச் சொல்லவில்லை. புரியாமல்தான் கேட்டார். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

இனி ஹோட்டலுக்கு ஒரு குஞ்சுகூடத் தரமாட்டேன் என்றேன். வீட்டுக்காரர் ஏதோ சொல்ல வந்தார். அதற்குள் நான் கூடையைத் தூக்கினேன். செவலை நகரவில்லை. கூடை இருந்த வட்டத்துக்குள்ளேயே நின்றது. நாங்கள் மூன்று பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம். வேன் வெறுமனே திரும்பிப் போனது.

21-3-1984

இன்னும் அங்கேயே நிற்கிறது.

21-4-1984

செவலை இப்போது வேப்பமரம்வரை போகிறது. வீட்டுக்காரர்தான் தினமும் கம்புத் தானியத்தை ஒரு சாண் தள்ளித் தள்ளிப் போடுகிறார், நான் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு.

நாளை ஈஸ்டர். வேதமாணிக்கம் வாத்தியார் ஒரு கோழி கேட்டு வந்தார். எதுக்கு என்று கேட்டேன்.

"என்னம்மா கேள்வி இது? அறுத்துக் கொழம்பு வைக்கத்தான்."

அப்போ சரி என்று பிடித்துக் கொடுத்தேன்.